மைனர் படிப்பும் மாநகரப் பள்ளியும்

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அண்ணாச்சி ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். பெயர் வேண்டாம், மும்பைத் தமிழர் பலருக்கும் தெரிந்த முகம்தான். அவருடைய பேத்தி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கல்லூரி ஒன்றில் மூன்றாவது வருஷம் படிக்கிறாள். பொருளாதாரம் படிக்கப் போனவள், இப்போது கூடவே 'நகர்ப்புறக் கல்வி' என்று ஒன்றை மைனராக எடுத்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. வீட்டில் ஒரே குழப்பம்.

"சார், நீங்க நாலு விஷயம் தெரிஞ்சவங்க. வாத்தியார் வேலைக்குப் போறதுக்கா இம்புட்டு டாலரைக் கொட்டுறோம்? அதுக்கு இங்கேயே பி.எட். படிச்சிருக்கலாமே?" என்றார்.

எனக்கும் அந்த நிமிஷத்தில் பதில் தெரியவில்லை. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் நான். டிப்ளமாவோடு என் படிப்பு முடிந்தது. மைனர் என்றால் எனக்கு ஜிப்பாவும் புலிநகச் சங்கிலியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆகவே பேத்தியிடமே பாடத்திட்டத்தை அனுப்பச் சொன்னேன். அவளும் அனுப்பினாள். கூடவே தாத்தாவுக்குப் பதினோரு கேள்விகளையும் அனுப்பியிருந்தாள். அந்தக் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். நம் அங்கத்தினர்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்படி வெளியே படிக்கப் போகிறார்கள். அண்ணாச்சிக்குச் சொன்னது மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் மைனர். அமெரிக்கக் கல்லூரிகளில் நம் ஊர் மாதிரி சேரும்போதே பி.காம்., பி.எஸ்ஸி. என்று முத்திரை குத்திவிடுவதில்லை. நாலு வருஷப் படிப்பில், பெரும்பாலான இடங்களில், இரண்டாவது வருஷ முடிவுக்குள் ஒரு முதன்மைப் பாடத்தைச் சொன்னால் போதும். அது மேஜர். மொத்தம் முப்பதிலிருந்து நாற்பது பாடங்கள் வரை படிக்கவேண்டியிருக்கும். மேஜருக்குப் போக மீதமுள்ளதில் வேறொரு துறையைச் சேர்ந்த ஐந்தாறு பாடங்களைக் கோவையாகப் படித்து முடித்தால் அது மைனர். சாதாரணமாக அதே நாலு வருஷத்துக்குள், அதே கட்டணத்துக்குள் அடங்கிவிடும். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்க வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கும் அனுமதியும் மேஜரைப் பார்த்துத்தான். ஆக, டாலர் வகையில் அண்ணாச்சிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

வாத்தியார் வேலையும் இல்லை. அங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் அந்தந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி, மாதக்கணக்கில் வகுப்பெடுத்துப் பழகுதல், பரீட்சை எல்லாம் உண்டு. இந்த மைனர் மட்டும் அந்த உரிமத்தைத் தராது.

"பின்னே எதுக்கு சார்?" என்றார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி.

ஒரு வண்டி தினமும் இருபது நிமிஷம் தாமதமாக வருகிறதென்றால் நாங்கள் டிரைவரை மட்டும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. கன்ட்ரோல் சார்ட்டை விரித்து, எந்த ஸ்டேஷனில் எதற்காக நிறுத்தினார்கள், முன்னால் போன சரக்கு வண்டி எது, எந்தப் பாயின்ட் கோளாறு என்று பின்னோக்கிப் போவோம். ஆசிரியர் பயிற்சி என்பது வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது. அந்தப் பெண் படிப்பது சார்ட். ஒரு நகரத்தின் பள்ளி ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பு.

இதில் 'நகர்ப்புறம்' என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். நமக்கு நகரத்துப் பள்ளி என்றால் உயர்ந்தது. பிள்ளையை டவுன் பள்ளியில் சேர்த்தோம் என்றால் ஒரு படி ஏறியதாக அர்த்தம். அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே நகர்ப்புறப் பள்ளி என்று சொன்னால், பெரிய நகரத்தின் நடுவே, ஏழைகளும் கறுப்பினத்தவரும் புதிதாகக் குடியேறியவர்களும் படிக்கிற, கூரை ஒழுகுகிற பள்ளி என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். வசதியுள்ளவர்கள் புறநகரில் இருக்கிறார்கள். ஏன் இப்படி ஆயிற்று?

இந்தக் கதையில் ரயிலும் இருக்கிறது. 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கு மாநிலங்களை விட்டு மற்றப் பகுதிகளின் பெரிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். முதல் உலகப் போரினால் ஐரோப்பாவிலிருந்து கூலியாட்கள் வருவது நின்றுபோகவே, 1916இல் பென்சில்வேனியா ரெயில்ரோடு கம்பெனியே தெற்கில் ஆள் திரட்டி வேலைக்கு அழைத்துவந்தது. தாதர் எக்ஸ்பிரஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விவரிக்கவேண்டியதில்லை.

வந்தவர்களுக்கு வீடு எங்கே கிடைத்தது என்பதில்தான் விஷயம். 1933இல் மத்திய அரசு வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. அது இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, எந்தப் பேட்டையில் கடன் கொடுப்பது பாதுகாப்பு என்று பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறம் பூசியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பேட்டைகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு. சிவப்புப் பேட்டையில் வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிது. புறநகரில் புதிதாகக் கட்டிய வீடுகளோ வெள்ளையருக்கு மட்டும். பிலடெல்பியாவுக்கு அருகில் லெவிட்டவுன் என்று ஒரு பெரிய குடியிருப்பு 1950களில் எழும்பியது. 1957இல் அங்கே முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது வீட்டின் முன்னால் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. வீட்டு வியாபாரத்தில் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது.

இதற்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் 'பள்ளி மாவட்டம்' என்ற சிறு சிறு அமைப்புகள். நாடு முழுவதும் சுமார் 13,000 இருக்கின்றன. அவற்றின் வருமானத்தில் பெரும்பங்கு அந்தப் பகுதி வீடு, நிலங்களின் மேல் போடும் சொத்து வரி. வீட்டு விலை உயர்ந்த இடத்தில் பள்ளிக்குப் பணம். விலை விழுந்த இடத்தில் பள்ளிக்குப் பற்றாக்குறை. வரைபடத்தின் நிறம் இப்படித்தான் கரும்பலகை வரைக்கும் வந்து சேருகிறது.

இதை எனக்கு விளங்கவைத்தது ஒரு வழக்கின் கணக்கு. கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் ஆசை, வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரம். அதில் எட்ஜ்வுட் என்பது மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த ஏழைப் பள்ளி மாவட்டம். அலமோ ஹைட்ஸ் பணக்கார மாவட்டம். 1967-68இல் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் பள்ளி வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட்தான் கட்டினார்கள். அதாவது ஏழைகள்தான் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். வந்த பலனைப் பாருங்கள்: எட்ஜ்வுட்டில் உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவனுக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில உதவி, மத்திய உதவி எல்லாம் சேர்த்த பிறகும் அங்கே 356, இங்கே 594.

எட்ஜ்வுட் மாணவர்கள் 1968 மே மாதம் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். டிமெட்ரியோ ராட்ரிகஸ் என்பவரும் மற்றப் பெற்றோர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். ராட்ரிகஸ் விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த தொழிலாளி. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: கல்வி நாட்டின் அரசியல் சட்டம் உறுதி தரும் அடிப்படை உரிமை அல்ல, இந்த ஏற்றத்தாழ்வு சட்டவிரோதம் அல்ல. மறு வருஷமே டெட்ராயிட் நகர வழக்கு. பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்துவைப்பது செல்லாது என்று 1954இல் தீர்ப்பாகியிருந்தது. அதை நிறைவேற்ற, நகரத்துப் பிள்ளைகளையும் சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டப் பிள்ளைகளையும் கலந்து படிக்கவைக்கவேண்டும் என்று கீழ்க் கோர்ட் உத்தரவிட்டது. 1974இல் உச்ச நீதிமன்றம், மறுபடியும் ஐந்துக்கு நான்கில், அதை ரத்து செய்தது. புறநகர் மாவட்டங்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல் எல்லையைத் தாண்டமுடியாது என்பது காரணம். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டவர்கள் அப்புறம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இந்த அளவுக்குச் சொன்னதும் அண்ணாச்சி, "அப்போ இது வக்கீல் படிப்பா?" என்றார். அதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் அந்தப் பெண் ஒரு பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்காரவேண்டும். சம்பளம் கிடையாது. போவதற்கு முன்னால் போலீஸ் சான்றிதழ், குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர் பட்டியலில் பெயர் இல்லை என்ற சான்றிதழ் எல்லாம் வாங்கவேண்டும். பிலடெல்பியாவில் இந்த வழக்கத்துக்கு வேர் ஆழமானது. அங்குள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'நகர்ப்புறக் கல்வி' என்ற பெயரிலேயே மைனர் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து பாடம் நடத்துவதற்கென்றே 1992இல் ஒரு மையத்தையும் அங்கே ஏற்படுத்தினார்கள். அதற்கும் முன்னால், 1896இல் டுபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞரை அதே பல்கலைக்கழகம் அழைத்து, நகரத்தின் ஏழாவது வார்டை ஆராயச் சொன்னது. அவர் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய புத்தகம் 1899இல் வந்தது. இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி கொடுக்கவில்லை.

பேத்தி தன் முதல் குறிப்பில், "வகுப்பில் ஒழுங்கு இல்லை" என்று எழுதியிருக்கிறாள். பேராசிரியை அதைச் சுழித்து, "நீ எதைப் பார்த்தாய்?" என்று மட்டும் பக்கத்தில் எழுதித் திருப்பிவிட்டாராம். இரண்டாம் முறை, எத்தனை மணிக்கு யார் எழுந்தார்கள், எதற்கு எழுந்தார்கள் என்று எழுதினாள். பதினைந்து நிமிஷத்தில் பதினோரு பிள்ளைகள் இடம் விட்டு எழுந்திருக்கிறார்கள். அதில் ஏழு பேர் பென்சில் சீவ. வகுப்பில் இருந்த சீவும் கருவி உடைந்துபோய், பக்கத்து வகுப்புக்குப் போய்த்தான் சீவவேண்டும். எங்கள் இன்ஸ்பெக்ஷன் நோட்டிலும் இதே சண்டைதான். 'பராமரிப்பு திருப்தியில்லை' என்று எழுதுகிறவனைவிட, 'பாயின்ட் மிஷினில் தண்ணீர் புகுந்திருக்கிறது' என்று எழுதுகிறவன் வேலைக்கு ஆவான்.

பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மொழி பற்றியது. வில்லியம் லபோவ் என்ற மொழியியல் அறிஞர் (பிலடெல்பியாவில் நெடுங்காலம் பணியாற்றி, 2024இல் காலமானார்) 1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிள்ளைகளின் பேச்சை ஆராய்ந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பேச்சே வரவில்லை, வீட்டில் மொழி வளம் இல்லை என்று அப்போது படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயசுப் பையன் ஒருவனைக் கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி வாயை மூடிக்கொள்வான். பிறகு கேள்வி கேட்டவர் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலோடு போனார். பையனுடைய சிநேகிதனையும் கூட்டிக்கொண்டார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அப்புறம் பையன்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டு பேசினார்களாம். பையன் அதே பையன்தான். அவர்கள் பேசுவது கொச்சை ஆங்கிலம் அல்ல, சொந்த இலக்கணம் உடைய வழக்கு என்று லபோவ் காட்டினார். 1979இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகர வழக்கில், பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் படிக்கக் கற்றுத்தரவேண்டும் என்று நீதிபதி சொன்னார். லபோவும் அதில் சாட்சி.

இன்னொன்று, அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் லூயிஸ் மோல் என்பவரும் மற்றவர்களும் செய்து 1992இல் வெளியிட்ட ஆராய்ச்சி. பள்ளி ஆசிரியர்களே மாணவர்களின் வீடுகளுக்கு, புத்தி சொல்ல அல்ல, தெரிந்துகொள்ளப் போனார்கள். மெக்சிகோக் குடும்பங்களில் விவசாயம், கட்டட வேலை, வியாபாரம், மருந்து மூலிகை என்று எவ்வளவோ அறிவு இருந்தது. ஒரு பையன் மெக்சிகோவுக்குப் போய்வரும்போது மிட்டாய் வாங்கி வந்து விற்கிறான் என்று தெரிந்த ஆசிரியை, மிட்டாயை வைத்தே பாடத்தை அமைத்தார். ஒரு தாயார் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார்.

இதைச் சொல்லும்போது அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். தாராவியில் அவருடைய அம்மா முறுக்குச் சுட்டு விற்றவர். எத்தனை படி மாவுக்கு எத்தனை முறுக்கு, எண்ணெய் என்ன விலை, எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுவதும் ஒன்பது வயசில் அவர் தலையில் இருந்ததாம். "பள்ளிக்கூடத்திலே கணக்குல நான் மக்கு சார். யாரும் முறுக்கை வச்சுக் கேக்கலை" என்றார்.

இந்த மைனர் படிப்பைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. அதில் ஒரு சங்கடம் உண்டு. பேத்தியும் அதை எழுதியிருந்தாள். கல்லூரிப் பிள்ளைகள் செப்டம்பரில் வருகிறார்கள், டிசம்பரில் போய்விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைக்கு ஒவ்வொரு பருவமும் ஒரு புது அக்கா. அவள் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவாள். அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? 1989இல் வெண்டி கோப் என்ற மாணவி தன் கல்லூரி ஆய்வேட்டில் ஒரு யோசனை எழுதினாள்: நல்ல கல்லூரிகளில் தேறியவர்களை இரண்டு வருஷம் ஏழைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்பலாம் என்று. 1990இல் அதுவே ஓர் இயக்கமாயிற்று. அதன் வழியில் 2009இல் நம் மும்பையிலும் புனேயிலும் 'டீச் ஃபார் இந்தியா' தொடங்கியது. நல்ல மனசுள்ள இளைஞர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சில வாரப் பயிற்சியோடு வந்து இரண்டு வருஷத்தில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டால் பள்ளிக்கு யார் மிச்சம் என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. பழகிய கையை அடிக்கடி மாற்றினால் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரனுக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தப் பாடத்தை எடுப்பதாகச் சொன்னால், "ஒரே பள்ளிக்கு எத்தனை நாள் போவாய்?" என்று கேளுங்கள். ஒரு பருவம் என்றால் அது சுற்றுலா. இரண்டு வருஷமாவது அதே பள்ளி என்றால் கொஞ்சம் பொருள் இருக்கும்.

பல்கலைக்கழகமே நல்லது செய்யப்போனால்கூட விளைவு வேறு மாதிரி ஆகலாம் என்பதும் அவர்களுடைய பாடம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் பக்கத்துப் பேட்டையில் நகர நிர்வாகத்தோடு சேர்ந்து 2001இல் ஓர் அரசுப் பள்ளியைத் திறந்தது. ஒரு மாணவனுக்கு வருஷம் 1,330 டாலர் வரை தன் பங்காகக் கொடுத்தது. பள்ளி நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததாலேயே அந்தப் பள்ளி எல்லைக்குள் வீட்டு விலை ஏறியது. பழைய குடித்தனக்காரர் பலருக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. 2013 ஜனவரியில் பாலர் வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் பெற்றோர்கள் நாலு நாள் முன்னதாகவே கடுங்குளிரில் வரிசை கட்டி நின்றார்கள். நிர்வாகம் பார்த்தது, வரிசை வேண்டாம், சீட்டுக் குலுக்கலாம் என்று சொல்லிவிட்டது. எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு விடியற்காலையில் கேட் முன்னால் துண்டு விரித்து உட்கார்ந்த நம்மவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

அதே மாநிலத்தில் ஆறு பள்ளி மாவட்டங்களும் சில பெற்றோர்களும் 2014இல் வழக்குப் போட்டார்கள். சான் அன்டோனியோ கணக்கேதான், ஆனால் இந்த முறை மாநில அரசியல் சட்டத்தின்கீழ். விசாரணையின்போது எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர், மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்கு அல்ஜீப்ரா எதற்கு, தச்சனாகப் போகிறவனுக்கு உயிரியல் எதற்கு என்று கேட்டார். இது கோர்ட்டில் பதிவான கேள்வி. முறுக்குக்காரியின் பையனுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று நம்மிடையே கேட்டவர்களும் இருந்தார்கள். 2023 பிப்ரவரியில் 700 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பு வந்தது: பென்சில்வேனியா பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் முறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம். 2024இல் சட்டசபை கூடுதல் பணம் ஒதுக்கத் தொடங்கியது. தீர்ப்பு வந்தபோது பேத்தி பள்ளி மாணவி. இப்போது அந்தப் பணம் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பது அவளுடைய பயிற்சிக் கட்டுரை. பொருளாதாரம் இங்கேதான் உதவுகிறது. அண்ணாச்சிக்கு இந்த இடத்தில் முகம் தெளிந்தது.

அவளுடைய பதினோரு கேள்விகளை இப்போது சொல்லலாம். வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக எந்தப் பள்ளியில் படித்தது, ஏன் அங்கே என்று எழுதவேண்டுமாம். தாத்தாவுக்கு வந்தவை: எந்த வருஷம் மும்பை வந்தீர்கள், பள்ளி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், வாத்தியார் எந்த ஊர், மத்தியானம் என்ன சாப்பாடு, இப்படி. அண்ணாச்சி படித்தது மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஏழாங் கிளாஸ் வரை அங்கே படித்தவர், அந்த நாளில் ஒரு பெஞ்சில் ஐந்து பேர் உட்காருவார்கள் என்று சொன்னார். பத்துக் கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பதினோராவது இது: "தாத்தா, நீங்க படிச்ச ஸ்கூலுக்கு அப்பாவை ஏன் அனுப்பலை?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வேலைக்குப் பேட்டிக்குப் போனபோது மூன்று பேர் ஆங்கிலத்தில் கேட்டதும், ஒன்றும் விளங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்ததும், கடைசியில் பியூன் வந்து தோளைத் தொட்டு எழுப்பி அனுப்பியதும் சொன்னார். "எம் மவனுக்கு அது வரக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தப்பா சார்?"

தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? என் பிள்ளைகளும் ரயில்வே காலனியிலிருந்து கான்வென்ட் பஸ்ஸில் போனார்கள். அந்த பஸ் தினமும் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் வாசலைக் கடந்துதான் போகும். டெட்ராயிட்டில் எல்லைக்கோட்டைத் தாண்டி வீடு வாங்கிய வெள்ளைக்காரத் தாயாரைக் கேட்டாலும், என் பிள்ளைக்காகத்தான் என்பாள். அவர்களிடம் இருந்த இனத் துவேஷம் அண்ணாச்சியிடம் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஆனால் நடந்ததை மட்டும் பார்த்தால், கொஞ்சம் கையில் காசும் வாயில் ஆங்கிலமும் வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினோம். நம் பிள்ளைகள் அங்கே இருந்தவரை கக்கூஸ் கதவு உடைந்தால் கேட்கப் போனோம்; பிறகு போகவில்லை. இங்கே மாநகராட்சிக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. நாட்டிலேயே பெரிய பட்ஜெட் போடுகிற மாநகராட்சி இது. சிவப்பு மையால் யாரும் கோடு போடவும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் இருவருமாக அந்தப் பள்ளியைப் பார்க்கப் போனோம். கட்டடம் இருக்கிறது, வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் பல மொழி வகுப்புகள். தமிழ்ப் பிரிவுக்கு மூன்றாவது மாடி. ஐந்தாம் வகுப்பில் நாங்கள் எண்ணியபோது பதினான்கு பிள்ளைகள். ஒரு பெண், தாத்தா நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டாள். அண்ணாச்சி, நான் இங்கே படிச்சவன் என்றார். அவள் நம்பவில்லை. வகுப்பு ஆசிரியை நாற்காலி போட்டார். நூலகத்துக்குப் புத்தகம் வேண்டுமா என்று கேட்டேன். புத்தகம் இருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் வந்து கூட உட்கார்ந்து படித்துக்காட்ட ஆள்தான் இல்லை என்றார். புதன்கிழமை இரண்டு மணி என்று பேசியிருக்கிறோம். அண்ணாச்சி கணக்கு எடுப்பதாகச் சொல்கிறார், முறுக்கை வைத்து.

பேத்தி ஒரு சமாசாரம் கேட்டிருக்கிறாள். 1950லிருந்து 1980 வரை மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த அங்கத்தினர்கள், எந்த வருஷம், எந்தப் பேட்டை, எந்த வகுப்பு வரை, பிறகு தம் பிள்ளைகளை எங்கே சேர்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சங்க நூலகத்தில் என் பெயருக்குக் கொடுத்தால் அவளுக்கு அனுப்பிவைப்பேன். பெயர் எழுதவேண்டிய அவசியமில்லை. ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை நூலகத்தில் இருப்பேன். பதினோராவது கேள்விக்கு அண்ணாச்சி இன்னும் பதில் அனுப்பவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறார்.